பட்டியலில் உள்ள உதவியும் கையில் கிடைத்த உதவியும்

எங்காவது ஓர் அனர்த்தம் நடந்தால் மறுநாளே பத்திரிகைகளில் பட்டியல் வந்துவிடும். இன்ன நாடு இத்தனை மில்லியன் டொலர் என்று. பின்திகதியிட்ட காசோலையையும் கல்லாவில் விழுந்த காசையும் ஒன்றாக எண்ணாத வியாபாரிகளாகிய நாம், இந்தப் பட்டியலையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 30,000க்கும் அதிகமானோர் மரணித்தார்கள். அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். பாதிக்கப்பட்ட எல்லா நாடுகளுக்குமாகச் சேர்ந்த வெளிநாட்டு உதவி சுமார் 1,400 கோடி டொலர். தலைக்கு 7,000 டொலருக்கு மேல் வந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். அதே வருடம் பங்களாதேஷ் வெள்ளத்தில் தலைக்குச் செலவானது 3 டொலர். தொலைக்காட்சியில் தெரிந்த துயரத்துக்கே காசு கூடுதலாக வருகிறது.

அமெரிக்கா முதலில் 150 இலட்சம் டொலர் என்றது. விமர்சனம் வந்ததும் 350 இலட்சம், வருடம் முடிவதற்குள் 35 கோடி. ஏலத்தில் விலை ஏறுவது போல. அவுஸ்திரேலியா இந்தோனேசியாவுக்கு அறிவித்த 100 கோடி அவுஸ்திரேலிய டொலரில் பாதி நன்கொடை, பாதி சலுகைக் கடன். தலைப்புச் செய்தியில் இரண்டும் ஒரே தொகைதான். பாரிஸ் கழக நாடுகள் ஒரு சதமும் புதிதாகக் கொடுக்காமல், கடன் தவணைகளை 2005 முடியும்வரை ஒத்திவைத்தன. இதைச் சிறிய உதவி என்று நான் சொல்ல மாட்டேன். சரக்குக் கொடுத்தவர் “பெருநாள் கழியட்டும், பிறகு பார்ப்போம்” என்றால் என்ன நிம்மதி என்பது நமக்குத் தெரியும்.

இந்தியாவின் சொந்தக் கரையே அடிபட்டிருந்தது. அப்படியிருந்தும் ஓரிரு நாளுக்குள் அதன் கடற்படைக் கப்பல்கள் காலிக்கும் திருகோணமலைக்கும் வந்துவிட்டன. டொலர் பட்டியலில் அந்த வேகத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

பொருளாக வந்த உதவியில்தான் சேதாரம் அதிகம். இந்தோனேசியாவின் ஆச்சேயில் 4,000 தொன் மருந்து குவிந்தது. பெரும்பகுதி தேவையற்றது, நூற்றுக்கணக்கான தொன்னை அழிக்க வேண்டியிருந்தது. நம் கரையில் சில இடங்களில் இழந்ததை விடச் சிறு படகுகள் கூடிவிட்டன. சவூதி அரேபியா நுரைச்சோலையில் 500 வீடுகளுக்குப் பணம் தந்தது. வீடுகளை யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. கட்டிய வீடுகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்க, சொந்தக்காரராக வேண்டியவர்கள் வெளியே இருந்தார்கள். கொடுத்தவர் மீது இதில் குறை சொல்ல முடியாது.

அப்போது அகதிகளுக்கு ஆளுக்கு வாரம் 375 ரூபா நிவாரணம். 175 ரூபாவுக்குக் கூட்டுறவுக் கடையில் உலர் உணவு, 200 ரூபா காசு. குடும்பத்துக்கு 5,000 ரூபா கொடுப்பனவும் இருந்தது. இலவச அரிசியும் பருப்பும் லொறியில் வந்த வாரங்களில் கிழக்கிலிருந்து எனக்கு ஓடர் வரவில்லை. கடலில் அடிபடாமல் தப்பிய கடைக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மக்கள் கையில் காசு புழங்கத் தொடங்கிய பிறகே “காக்கா, ரெண்டு மூடை சீனி போடுங்க” என்று தொலைபேசி வந்தது. அந்த 200 ரூபா அகதிக்கும் சோறு போட்டது, கடைத்தெருவையும் திறந்தது.

நாடுகளுக்குள்ள இதே கணக்கு நம் கடைத்தெருச் சங்கங்களுக்கும் உண்டு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை மூழ்கியபோது சோற்றுப் பார்சல்கள் தாராளமாகப் போயின. தண்ணீர் வடிந்த பிறகு அங்கே தேவைப்பட்டது விளக்குமாறும் மண்வெட்டியும் கிணறு இறைக்கும் பம்பும். அடுத்த முறை லொறியில் சாமான் ஏற்றுவதற்கு முன், அந்த ஊரில் திறந்திருக்கும் ஒரு கடைக்காரருக்குத் தொலைபேசி எடுங்கள். அவரிடம் இருப்பதை அவரிடமே வாங்கிக் கொடுங்கள். இல்லாததை மட்டும் இங்கிருந்து ஏற்றுங்கள்.