பட்டறையில் கஞ்சம், பாதையில் தாராளம்

அன்புள்ள தம்பிக்கு,

ஓய்வு பெற்ற மறு மாதமே 1994-ஆம் வருடத்துப் புல்லட் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். வருகிற ஜூனில் லே வரை போகப் போகிறீர்கள். அதற்குள் இன்ஜினை முழுக்கப் பிரித்து மாட்டிவிட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபது வயதுத் தலைமையாசிரியரைத் தம்பி என்று கூப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உங்களுக்குப் பத்து வயது மூத்தவன்; தவிர, இந்த வேலையில் நீங்கள் இன்னும் ஒன்றாம் வகுப்பு. இதே கேள்விகளோடு வேறு சிலரும் வருவதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெற்று வண்டி எடுத்தவர்களிடம் நான் பார்க்கும் பெரிய கோளாறு நேரம்தான். முப்பது வருடமாகக் கிடைக்காத நேரம் ஒரே நாளில் கையில் வந்து சேருகிறது. அதை இடம் மாற்றிச் செலவழிக்கிறார்கள். வீட்டில் இருந்தால் வாரம் ஒருமுறை கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். சாலையில் இறங்கினாலோ, திங்கட்கிழமை காலை ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டியவர் மாதிரி ஒரே நாளில் அறுநூறு கிலோமீட்டர் விரட்டுவார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். பட்டறையில் கஞ்சனாக இருங்கள். பாதையில் வாரி இறையுங்கள்.

இன்ஜினைத் திறக்க வேண்டாம். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவன். எங்கள் ஷாப்பில் ஜாப் கார்டு இல்லாமல் ஸ்பேனர் நட்டில் ஏறாது. உங்கள் வண்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். என்ன சத்தம், எந்த கியரில், எந்த வேகத்தில், இன்ஜின் சூடாக இருந்தபோதா ஆறியிருந்தபோதா என்று எழுதுங்கள். எழுதிவிட்டு மூன்று நாள் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அதே சத்தம் அதே இடத்தில் வந்தால் ஸ்பேனரை எடுக்கலாம். பாதிப் புகார்கள் அந்த மூன்று நாளில் காணாமல் போகும். மட்கார்டு நட்டு தளர்ந்திருந்ததையோ, நம்பர் பிளேட் ஆடியதையோ இன்ஜின் சத்தம் என்று நினைத்திருப்பீர்கள்.

காரணம் சொல்லாமல் தடுத்தால் வாத்தியாருக்குப் பிடிக்காது. சொல்கிறேன். உங்கள் இன்ஜினில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. தலையும் கேஸும் அலுமினியம். அலுமினியத்தில் ஏறிய போல்டைக் கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட மரை தேயும். ஒருநாள் மரை கையோடு வந்துவிடும். பிறகு லேத் பட்டறைக்குப் போய்ப் பெரிய துளை போட்டு புஷ் அடிக்க வேண்டும். முப்பது வருடமாக ஒன்றோடொன்று உரசிப் படிந்த பாகங்களைப் பிரித்துப் புதுசு மாட்டினால், அந்தப் புதுசு பக்கத்தில் இருக்கும் பழசைக் காட்டிக்கொடுக்கும். அதையும் மாற்றத் தோன்றும். அதற்கு முடிவே இல்லை. போதாததற்குச் சந்தையில் நல்ல உதிரியும் போலி உதிரியும் ஒரே அட்டைப்பெட்டியில் வருகின்றன. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு. என்னைக் கேட்டால், தேயாத பழைய அசல் பாகம் பெயர் தெரியாத புதுப் பாகத்தைவிட மேல்.

அப்படியானால் கைவேலையே வேண்டாமா? வேண்டும். வழியில் நின்றுபோனால் உங்களைக் கிளப்பிவிடக்கூடிய வேலைகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். பாயிண்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டரிலிருந்து 0.40-க்குள் ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்வது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது: இளம் பழுப்பு என்றால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறுகிறது. டேப்பெட்டை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே தொடுங்கள். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும்போது புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் தாராளமாக உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த அளவைக் கருவி சொல்லாது, விரல்தான் சொல்லும். செயின் லாக் மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் எங்கேயாவது கிளிப் கழன்று பறக்கும். புது கிளட்ச் கேபிளைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்; பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓட்டி டேப் சுற்றி வையுங்கள். அறுந்தால் இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும்.

எண்ணெய் மூன்று என்பதை மறக்காதீர்கள். இன்ஜினுக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் இடது பக்கக் கவருக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. ஒன்றை ஊற்றிவிட்டு மூன்றும் ஆயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. இன்னொன்று, இப்போது பம்பில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மூன்று வாரம் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.

கிக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறுபது வயது முழங்கால் சம்பந்தப்பட்டது. சினிமாவில் குதித்து மிதிப்பதைப் பார்த்துவிட்டு மிதிக்காதீர்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, காலுக்குக் கனம் தட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை அழுத்தி, அதற்கு மேல் ஒரு விரற்கடை. இப்போது லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையோடு ஒரே மிதி. பிஸ்டன் உச்சியைத் தாண்டாத நிலையில் மிதித்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கணுக்கால் போனால் ஜூன் மட்டுமில்லை, தீபாவளியும் போய்விடும்.

உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நீங்கள் இத்தனை வருடம் பள்ளிக்குப் போய்வந்த வண்டியில் அது தலைகீழ். நிதானமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. குறுக்கே ஆடு ஓடும்போதுதான் கால் பழைய இடத்தைத் தேடும். அந்தப் பழைய வண்டியை மகனிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் காய்கறிக்கும் கோவிலுக்கும் புல்லட்டிலேயே போங்கள். பிறகு துறையூர், பச்சைமலை அடிவாரம், கல்லணை. அதன்பின் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறுவது பெரிய விஷயமில்லை. இறங்குவதைப் பாருங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். ட்ரம் பிரேக்கையே நம்பி இறங்கினால் பாதி மலையில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

இனி தாராளம். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், மிஞ்சினால் 250. வேகம் 60, 65. சிரிக்காதீர்கள். இந்த இன்ஜினில் சிலிண்டர் துளை 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90. நிதானமான இழுவைக்காகச் செய்தது, வேகத்துக்காகச் செய்ததில்லை. கனெக்டிங் ராடின் அடியில் இருப்பது உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். நான்கு வழிச் சாலையில் மணிக்கணக்காக 90-இல் பிடித்தால் முதலில் போவது அதுதான். 1956-இல் திருவொற்றியூரில் இந்த வண்டியைப் பொருத்தத் தொடங்கியபோது நம் ஊரில் இப்போதைய சாலைகளே கிடையாது. அந்தக் காலத்து வேகத்துக்குத்தான் அது இன்னும் சந்தோஷமாக ஓடுகிறது. உங்களுக்கும் அவசரமில்லை. லீவு லெட்டர் எழுதித் தரவேண்டிய மேலதிகாரி இனி யாரும் இல்லை. மழை என்றால் ஒரு நாள் தங்குங்கள். ஊர் பிடித்திருந்தால் இரண்டு நாள்.

இந்த வருடம் லே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கன்னியாகுமரி போய்வாருங்கள். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. சுமை ஏற்றிய வண்டியை அந்தக் காற்றில் கைப்பிடியை இறுக்காமல் ஓட்டப் பழகினால் பிறகு எந்த மலைக்கணவாயும் பயமுறுத்தாது.

அடுத்த வருடம் லே. ஜூனில் கிளம்பினால் தெலங்கானாவையும் விதர்பாவையும் கடும் வெயிலில் கடக்க வேண்டும். காற்றால் மட்டுமே ஆறும் இன்ஜினுக்கும் ரத்த அழுத்த மாத்திரை போடுபவருக்கும் அது ஆகாது. ஆகஸ்ட் கடைசியில் கிளம்புங்கள், லடாக்குக்குச் செப்டம்பர் நல்ல மாதம். டெல்லி வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்பின் நடைமுறை மாறி மாறி வருகிறது. எதற்கு வம்பு, நாக்பூரிலிருந்து போபால், கோட்டா, ஜெய்ப்பூர், ஹிசார் என்று சுற்றிப் பஞ்சாபுக்குள் போய்விடுங்கள். அல்லது வண்டியை ரயிலில் பார்சல் போடுங்கள். முழுத் தூரமும் ஓட்டினால்தான் வீரம் என்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். பார்சலில் டாங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக்கூடாது.

மேலே போவது ஸ்ரீநகர் வழியாக, இறங்குவது மணாலி வழியாக. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரம், கார்கில் சுமார் 2,700, லே 3,500. உடம்பு படிப்படியாக ஏறும். மணாலிப் பக்கம் ஏறினால் பலர் இரவு தங்கும் சர்ச்சு என்ற இடமே 4,200 மீட்டருக்கு மேல். உடம்பு பழகுவதற்கு முன்பே அங்கே படுக்க வேண்டிவரும். தலைவலியும் வாந்தியும் வந்தால் சமாளித்துப் பார்க்காமல் கீழே இறங்குங்கள். லேயில் முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடவே வேண்டாம்.

வண்டிக்கும் மூச்சு வாங்கும். 5,300 மீட்டரில் காற்று கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வரும். கறுப்புப் புகை தள்ளி இழுவை குறையும். கார்புரேட்டர் ஊசியில் இருக்கும் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றினால் ஊசி இறங்கிப் பெட்ரோல் குறையும். திரும்பிக் கீழே வந்ததும் பழைய படிக்கே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சமவெளியில் பிஸ்டன் சூடேறும். மணாலிச் சாலையில் தாண்டி என்ற ஊரில் இருக்கும் பம்பில், அடுத்த பம்ப் 365 கிலோமீட்டர் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நீங்கள் லேயிலிருந்து இறங்கி வருவதால் லேயிலேயே டாங்கை நிரப்பி, கேனில் ஐந்து லிட்டர் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றி மருத்துவர் சொல்வார். வண்டியோடு சம்பந்தப்பட்ட இரண்டை மட்டும் நான் சொல்கிறேன். சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பது பாதத்துக்குத் தெரியவேண்டும். ஓட்டும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி வையுங்கள். மாலை ஐந்துக்கு மேல் வண்டி வேண்டாம். எதிர் விளக்கு வெளிச்சம் கண்ணில் சிதறினால் கண்புரை தொடங்கியிருக்கலாம்.

காகிதங்கள்: 55-க்கு மேல் புதுப்பிக்கும் ஓட்டுநர் உரிமம் ஐந்து வருடத்துக்குத்தான், மருத்துவச் சான்றும் வேண்டும். வண்டியின் ஆர்.சி. 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு விற்றவர் அதைச் செய்தாரா என்று இன்றே பாருங்கள். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தாளில் தேய்த்தெடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பேசாமல் புது வண்டியே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றினால் அதில் வெட்கமில்லை. உயரத்துக்கு ஏற்பப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும் வண்டிகள் இன்று இருக்கின்றன. ஊர் பார்ப்பதுதான் ஆசை என்றால் அதுவே புத்திசாலித்தனம். டெட் சைமன் என்ற பிரிட்டிஷ்காரர் 1973-இல் ட்ரையம்ப் வண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பி நான்கு வருடம் கழித்துத் திரும்பினார். எழுபதை நெருங்கும் வயதில், 2001-இல், அதே பாதையில் மறுபடி கிளம்பியபோது அவர் எடுத்தது பழைய ட்ரையம்பை அல்ல, பி.எம்.டபிள்யூ.வை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஊர்களைப் பற்றி நான்கு வரியும் அந்த இன்ஜினைப் பற்றி இரண்டு பக்கமும் இருந்தன. நீங்கள் புல்லட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டம்மாவையும் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். நாளுக்கு 150 கிலோமீட்டர், பின்சீட்டுக்கு நல்ல நுரை, பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் புதுசு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை அவரிடம் விடுங்கள், நல்ல கழிவறை எங்கே இருக்கும் என்ற அக்கறை நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம். அவருக்கே ஓட்ட விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் சென்னை போவதாக எழுதியிருக்கிறீர்களே, ஜி.பி. ரோட்டில் பாயிண்ட் செட் ஒன்று, கண்டென்சர் ஒன்று, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், செயின் லாக் இரண்டு வாங்கிவிடுங்கள். எனக்கும் ஒரு கண்டென்சர். பணம் நேரில் தருகிறேன்.

அன்புடன்,
பொன்மலையிலிருந்து ஒரு பழைய ஃபிட்டர்