டிக்கெட்டில் காணாமல் போன நேரம்

கேள்வி: பினாங்கிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஆறரை மணி நேரம் என்று டிக்கெட் கணக்கு வருகிறதே, எப்படி?
- வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். மலேசியக் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். இரண்டுமே சுமார் நான்கு மணிதான். வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர்.

2024 டிசம்பரில் இண்டிகோ நேரடி விமானம் விட்டது பெரிய விஷயம். அதற்கு முன் பலரும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போனார்கள். முதியவர்களுக்கு அது எத்தனை அலைச்சல்! நம் தாத்தா பாட்டிகளோ நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி, நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்குத் துறையில் இறங்கியவர்கள். பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985இல் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் நின்றது.