பச்சிளம் குழந்தைக்கு ஏன் அதிக ஹெபாரின்?

அன்புள்ள தம்பிக்கு,

"பிறந்த குழந்தைக்கு உறைவுக் காரணிகளே பாதிதான், அப்படியானால் ஹெபாரினைக் குறைத்துத்தானே கொடுக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். இதே கணக்கை வார்டில் மூத்தவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். குழந்தையைச் சின்ன உருவில் உள்ள பெரியவராக நினைக்கும் பழக்கம் என்றுதான் ஒழியுமோ!

ஹெபாரின் தானாக எதையும் தடுப்பதில்லை. ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தை முடுக்கிவிடுவதே அதன் வேலை. அந்தப் புரதமும் பிறந்த குழந்தையிடம் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உறைய வைப்பதும் குறைவு, உறைவைத் தடுப்பதும் குறைவு. அதனால் தராசு நேராக நிற்கிறது. பெரும்பாலும் நாம் செருகும் கதீட்டர்தான் அதை உறைவின் பக்கம் சாய்க்கிறது. போதாததற்குக் குழந்தையின் உடம்பு ஹெபாரினைச் சீக்கிரம் வெளியேற்றியும் விடுகிறது.

கனடாவின் ஹாமில்டனில் மௌரீன் ஆண்ட்ரூ 1987இல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படி. நலமாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தை முதல் நாளிலிருந்து ஆறு மாதம் வரை அளந்திருக்கிறார். அந்த அட்டவணைகள் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. ஏழாம் காரணி ஐந்து நாளில் மளமளவென்று ஏறிவிடுகிறது. ஆன்டித்ராம்பின் பெரியவர்களை எட்டிப் பிடிக்க மூன்று மாதமாகிறது. மருந்தளவை முடிவு செய்வது இந்தப் பின்தங்கல்தான் என்பேன்.

ஆகவே ஹெபாரின் வகையான எனாக்ஸபாரின் பெரியவருக்குக் கிலோவுக்கு 1 மி.கி. என்றால், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 1.5 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கூட்ட நேரலாம். ஊசி போட்ட 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் செயலைக் காட்டும் ஆன்டி-டென்-ஏ அளவைப் பார், மி.லி.க்கு 0.5 முதல் 1 யூனிட் வரை இருக்க வேண்டும்.

இனி ஊசியைக் கவனி. ஒரு கிலோ குழந்தைக்கு 1.5 மி.கி. என்பது, மி.லி.க்கு 100 மி.கி. மருந்தில் 0.015 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பார்கள். ஆரஞ்சு மூடிபோட்ட 100 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் என்றால் 1 மி.கி.; நம் ஊரில் பக்கத்திலேயே கிடக்கும் சிவப்பு மூடி 40 யூனிட் சிரிஞ்சில் அதே ஒரு யூனிட் 2.5 மி.கி. மூடி மாறினால் மருந்து இரண்டரை மடங்கு! எந்த சிரிஞ்ச் என்று வாயால் கேட்டுத் திருப்தி அடையாதே, கையில் வாங்கிப் பார். மருந்தை நீர்க்க வைத்து எடுக்கச் சொல்வது இன்னும் நல்லது.

தலை ஸ்கேன் பார்க்காமல் முதல் ஊசியைப் போடாதே. குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ஏற்கெனவே ரத்தக் கசிவு இருக்கலாம். அப்படியிருந்தால், ஹெபாரின் கொடுக்க நினைத்த ரத்தக்குழாய் உறைகட்டியை அப்படியே விட்டு ஸ்கேனில் கண்காணிப்பதா என்பதை மூத்தவர்களோடு பேசிவிட்டு முடிவெடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்