வைத்தியத்துக்கு இந்தியா போக விசா எடுப்பது எப்படி?

தோட்டத்தில் ஒருவருக்குப் பெரிய வருத்தம் என்றால், "சென்னைக்குக் கொண்டு போவோம், வேலூருக்குக் கொண்டு போவோம்" என்ற பேச்சு உடனே வந்துவிடும். நகையை அடகு வைத்து, யாரோ ஒரு தரகர் கையில் காசைக் கொடுத்துவிட்டு, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில் நாட்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நோயாளிக்கு நாள் போவது நல்லதல்ல. ஆகவே முறையை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. அந்த வைத்தியம் இங்கே இல்லையா? புற்றுநோய்க்கு மகரகமவிலும், இருதய ஆப்பரேஷனுக்குக் கொழும்பு, கண்டி பெரியாஸ்பத்திரிகளிலும் அரசாங்கச் செலவில் சிகிச்சை உண்டு. கிளினிக் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். போகத்தான் வேண்டும் என்றால் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. பாஸ்போர்ட்

பத்தரமுல்லைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. கண்டியிலும் காரியாலயம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் தேவை. நம்மவர்களுக்கு இடைஞ்சல் வருவது பெயரில்தான். ஒன்றில் 'லெட்சுமி', மற்றதில் 'லட்சுமியம்மாள்' என்று இருக்கும். நோய் வருமுன்பே பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்தி வையுங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்திருக்கிறது. ஆகவே வயசானவர்கள் "நமக்கெங்கே பாஸ்போர்ட்" என்று இருந்துவிடக் கூடாது.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும்.

2. ஆஸ்பத்திரிக் கடிதம்

இங்குள்ள ரிப்போர்ட்டுகளை இந்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், என்ன சிகிச்சை என்று எழுதி, தங்கள் கடிதத் தலைப்பில் கடிதம் தருவார்கள். செலவு எவ்வளவு என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தக் கடிதம் இல்லாமல் மருத்துவ விசா இல்லை.

3. விண்ணப்பம்

இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்திய அரசின் இணையத்தளத்தில் எடுக்கும் இ-மருத்துவ விசா. போய் இறங்கிய நாளிலிருந்து 60 நாள். மூன்று தடவை போய் வரலாம். பயணத்துக்கு நான்கு நாளாவது முன்பு விண்ணப்பிக்க வேண்டும். சென்னை, திருச்சி விமான நிலையங்களில் இறங்கலாம். அரசு தளம் போலவே வேறு தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும், கவனம்.

நீண்ட சிகிச்சைக்கு உயர் ஸ்தானிகராலயத்தின் வழியாக மருத்துவ விசா எடுக்க வேண்டும். கொழும்பில் அது கொள்ளுப்பிட்டி காலி வீதியில் உள்ளது. வெள்ளவத்தையிலிருந்து 100, 101 பஸ் அவ்வழியே போகும். மலையகத்தாருக்குக் கண்டி உதவி உயர் ஸ்தானிகராலயம் கிட்ட. விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டே புறப்படுங்கள்.

4. துணை

நோயாளியுடன் நெருங்கிய உறவினர் இரண்டு பேர் வரை துணை விசாவில் போகலாம். அவர்களுக்கும் தனித்தனி விண்ணப்பம். சிறுநீரக மாற்று என்றால், கொடுப்பவரின் உறவை நிரூபிக்கும் பத்திரங்கள் எல்லாம் வேண்டும். 1994ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அதில் கண்டிப்பு.

5. பணம்

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் சிகிச்சைக்கு உதவி உண்டா என்று முதலில் கேளுங்கள். ஈ.பி.எஃப். பணத்திலும் வைத்தியத்துக்காக 30 வீதம் வரை எடுக்க வழியுண்டு. அதன் நிபந்தனைகளை ஆபீசில் கேட்டறியுங்கள்.

பாஸ்போர்ட்டை எவர் கையிலும் விட்டு வராதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் பத்திரங்களோடு நலன்புரி காரியாலயத்துக்கு வாருங்கள். நாங்கள் நிரப்பித் தருகிறோம். அதற்குக் காசு இல்லை.