முடிவுக்கு வராத மடக்கு

செராசில் தாமான் மிடா, தாமான் கொன்னோட் ஆகிய நிலையங்களில் நின்று செல்லும் காஜாங் தட எம்.ஆர்.டி. இரயிலில் ஓட்டுநர் இல்லை. எங்கே வேகத்தைக் குறைப்பது, எங்கே நிற்பது என்பனவற்றைக் கணினி நிரல்கள் கவனித்துக்கொள்கின்றன. இத்தகைய நிரல் என்றும் பிழையின்றி இயங்கும் என்று எவ்வாறு உறுதிப்படுத்துவது? பலமுறை ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி. அது மட்டும் போதாது என்பதை ஒரு சிறிய இசைக்கருவி உலகுக்குக் காட்டியது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'ஸூன்' என்னும் கையடக்கக் கருவி 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ஈராண்டுகள் ஒழுங்காகப் பாடிய 30 கிகாபைட் கருவிகள், 2008 டிசம்பர் 31ஆம் நாள் ஒருசேர உறைந்து நின்றன. காரணம், கடிகார நிரலில் இருந்த ஒரு மடக்கு. கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியையே மடக்கு என்கிறோம்.

1980 ஜனவரி 1ஐ முதல் நாளாகக் கொண்டால், அன்று 10,593ஆவது நாள். இந்த எண்ணிலிருந்து அது எந்த ஆண்டு என்று மடக்கு கண்டறிய வேண்டும். எண் 365ஐவிடப் பெரியதாக இருக்கும்வரை அது சுற்றும். சாதாரண ஆண்டென்றால் 365ஐக் கழித்து, ஆண்டில் ஒன்றைக் கூட்டும். நெட்டாண்டென்றால், எண் 366ஐவிடப் பெரியதா என்று பார்த்து, ஆம் எனில் 366ஐக் கழித்து ஆண்டைக் கூட்டும்.

இதன் சரித்தன்மையை நிறுவ இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் இருப்பது எது? 1980இலிருந்து 10,593ஆவது நாளும், 1981இலிருந்து 10,227ஆவது நாளும், 1982இலிருந்து 9,862ஆவது நாளும் ஒரே நாள்தான். எண்ணும் ஆண்டும் மாறினாலும் அவை சேர்ந்து குறிக்கும் நாள் மாறுவதில்லை. இதனை 'மாற்றமிலி' என்பர். தொடக்கத்தில் அது உண்மை. ஒரு சுற்று அதைக் கெடுப்பதில்லை. ஆகவே எத்தனை சுற்றுக்குப் பின்னும் அது உண்மையே. கணிதப் பாடத்தில் வரும் தொகுத்தறிதலும் இதே முறைதான்.

இரண்டாவது, மடக்கு கட்டாயம் நிற்குமா? நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் எண் குறைய வேண்டும். இங்கேதான் சிக்கல். ஆண்டு 2008, மீதி 366. இது 365ஐவிடப் பெரியது. எனவே மடக்கு தொடரும். நெட்டாண்டுதான், ஆனால் 366 என்பது 366ஐவிடப் பெரியதன்று. எனவே எதுவும் கழிக்கப்படாது. அடுத்த சுற்றிலும் அதே நிலை. நிரல் தவறான விடையைச் சொல்லவில்லை, விடையே சொல்லவில்லை. மின்கலம் தீரும்வரை விட்டுவிட்டு, மறுநாள் மீண்டும் இயக்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது.

கருவி விற்பனைக்கு வந்தபின் அதுவரை வந்த எல்லா நாள்களையும் சோதித்திருந்தாலும் இப்பிழை தென்பட்டிருக்காது. இரண்டாவது கேள்வியைக் காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் சில நிமிடங்களில் பிடிபட்டிருக்கும். திருத்தமும் எளிது: நெட்டாண்டில் மீதி 366 எனில் மடக்கை விட்டு வெளியேற வேண்டும்.

இம்முறை புதியதன்று. குறையும் எண் ஒன்றைக் காட்டி நிரல் நிற்கும் என நிறுவும் வழியை ஆலன் டூரிங் 1949இல் கேம்பிரிட்ஜ் மாநாட்டில் விளக்கினார். 1967இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969இல் டோனி ஹோரும் இதனை முறையான தருக்கமாக வளர்த்தனர்.

1998இல் பாரிசில் திறக்கப்பட்ட 14ஆம் எண் மெட்ரோ தடமும் ஓட்டுநரற்றது. அதன் பாதுகாப்பு நிரல்கள் 'பி முறை' என்னும் கணித முறையில் படிப்படியாக நிறுவப்பட்டே எழுதப்பட்டன. அங்கும் ஒரு வேலையை மனிதர்தாம் செய்ய வேண்டியிருந்தது: இரயில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் பிழையின்றி எழுதித் தருவது.