முள்ளு கீழ இருந்தா வண்டி கூலா இருக்குன்னு அர்த்தமா?

மே மாசம், மதியம் ரெண்டரை மணி. பாலவாக்கத்தில் ஈசிஆர் ஓரமா ஒரு பழைய தண்ணி லாரி நின்னுட்டு இருந்தது. முன்னாடி புகை மாதிரி ஆவி. டிரைவர் அண்ணன் டேஷ்போர்டைக் காட்டிச் சொன்னார்: "முள்ளு பாரு தம்பி, கீழதான் கெடக்கு. அப்புறம் எப்டி கொதிக்குது?"

பின்னாடி டேங்க் நிறைய தண்ணி, ரேடியேட்டர்ல தண்ணி இல்லை. அது சிரிப்பு. ஆனா அவர் கேட்ட கேள்வி சிரிப்பு இல்லை. மீட்டரை நம்பித்தானே அவர் வண்டியை ஓட்டிட்டு வந்தார்? இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டே வளைஞ்சிருக்கலாம். ஓனருக்கு அது பெரிய செலவு, டிரைவருக்குப் பல நாள் வேலை போச்சு.

அன்னைக்கு அந்த லாரியில் என்ன பார்த்தோம், ஏன் அப்படிப் பார்த்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. தேர்டு இயர் மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ஆட்டோமொபைல் பாடம், ட்ரிபிள்ஈ பசங்களுக்கு இது ஓம் விதி.

முதல்ல கை வைக்கக் கூடாத இடம்

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. உள்ளே அழுத்தம் இருக்கறதால தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடி 1 பார் அழுத்தம் தாங்குதுன்னா, கொதிநிலை ஏறக்குறைய 120 டிகிரி. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழும், தண்ணி அப்படியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். என்ஜினை நிறுத்திட்டு, மேல் ஹோஸைத் தொட முடியற அளவுக்கு ஆறினதும், துணியை மடிச்சு வெச்சு மெதுவா திறக்கணும். நாங்க முக்கால் மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்தோம்.

மீட்டருக்குப் பின்னாடி என்ன இருக்கு?

ரொம்பப் பழைய வண்டிகளில் கரண்டே கிடையாது. என்ஜினில் ஒரு குமிழ், அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் நேரா டேஷ்போர்டுக்கு வரும். சூடானா உள்ளிருக்கும் திரவத்தின் ஆவி அழுத்தம் கூடி, வளைந்த குழாயை நிமிர்த்தி முள்ளைத் தள்ளும். எழேன் போர்டோன் 1849-ல் காப்புரிமை பெற்ற அதே வளைகுழாய்தான் இது. குழாய் எங்கேயாவது நசுங்கினாலோ ஓட்டையானாலோ மீட்டர் செட்டையே மாத்தணும்.

அதுக்கப்புறம் வந்த லாரிகளில் எலக்ட்ரிக்கல் கேஜ். தெர்மோஸ்டாட் பக்கத்தில் ஒரு சென்டர் திருகியிருக்கும். அதில் ஒரே ஒரு ஒயர்தான் இருக்கும். திரும்பிப் போற வழி என்ஜின் பாடி, அதாவது எர்த். சென்டருக்குள்ளே இருப்பது என்டிசி தெர்மிஸ்டர்: சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே சில்வர் சல்ஃபைடில் கவனிச்சிருக்கார். ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சா கேஜ் வழியா கரண்ட் கூடும், முள்ளு 'எச்' பக்கம் ஏறும்.

இங்கேதான் விஷயம் இருக்கு. ஒயர் கழண்டா? ரெசிஸ்டன்ஸ் கூடும், முள்ளு 'சி'. டெர்மினல் துருப்பிடிச்சா? முள்ளு கீழே. என்ஜின் எர்த் சரியில்லையா? அப்பவும் கீழே. லீக் ஆகக் கூடாதுன்னு சென்டர் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமா சுத்தினா எர்த் கெட்டுப்போகும், மறுபடி கீழே. தண்ணி குறைஞ்சு சென்டர் நுனி காத்தில் நின்னாலும் என்ஜினோட சூடு அதுக்குச் சரியா போய்ச் சேராது. ஆக, இந்த சர்க்யூட்டில் வர்ற கோளாறுகளில் பாதிக்கு மேல் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் காட்டும்.

ஒரு சின்னக் கணக்கு

25 டிகிரியில் 700 ஓம், பீட்டா மதிப்பு 3500 கெல்வின் உள்ள ஒரு சென்டர்னு வெச்சுக்குவோம். எக்ஸ்போனென்ஷியல் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்க (வெப்பநிலையை கெல்வினில் போட மறக்காதீங்க):

80 டிகிரியில் சுமார் 112 ஓம்.
100 டிகிரியில் சுமார் 66 ஓம்.

வித்தியாசம் வெறும் 46 ஓம். பச்சை பிடிச்ச ஒரு டெர்மினல் அந்த 46 ஓமை சீரியஸில் சேர்த்தா போதும். தண்ணி 100 டிகிரியில் இருக்கும், முள்ளு 80-ன்னு காட்டும். ஒயர் அறுந்துகூட போக வேண்டாம். கடல் காத்து அடிக்கிற பாலவாக்கத்தில் செம்பு பச்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

வரிசையா சோதிக்கலாம்

1. தண்ணி அளவு. என்ஜின் ஆறினதும் நிரப்புங்க, ஏர் லாக் எடுங்க. அதுக்கப்புறம்தான் மீட்டரைப் பத்திப் பேசணும்.

2. நிஜமாவே சூடா? இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல காட்டுங்க. ரொம்ப நேரம் ஓட்டியும் நிஜமாவே குளிர்ச்சியா இருந்தா மீட்டர் பொய் சொல்லலை, தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம்.

3. ஒயரைக் கழட்டுங்க. சாவி ஆன். முள்ளு முழுசா 'சி'-க்கு விழணும். விழலைன்னா ஒயர் வழியில் எங்கேயோ பாடியில் உரசுது, இல்லைன்னா கேஜ் காலி.

4. அந்த ஒயர் நுனியை சுத்தமான என்ஜின் உலோகத்தில் ஓரிரு விநாடி மட்டும் தொடுங்க. முள்ளு 'எச்' பக்கம் கிளம்பணும். கிளம்பினதும் எடுத்துடுங்க, பிடிச்சிட்டே இருந்தா கேஜ் கெட்டுப்போகும். கிளம்பினா கேஜும் ஒயரும் நல்லது. குத்தம் சென்டர் பக்கம். இசியூ உள்ள புது வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம், அங்கே ஸ்கேனர் போடுங்க.

5. சாவி ஆஃப். மல்டிமீட்டரில் சென்டர் டெர்மினலுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஓம் பாருங்க. அடுத்து டெர்மினலுக்கும் சென்டரோட சொந்த உடம்புக்கும் நடுவே. ரெண்டும் வேற வேற வந்தா மரையில் எர்த் சரியில்லை.

6. சந்தேகம் தீரலைன்னா சென்டரைக் கழட்டி, நுனியை ஒரு பாத்திரத் தண்ணியில் வெச்சு, தெர்மாமீட்டரோட சூடு பண்ணுங்க. 10 டிகிரிக்கு ஒரு ரீடிங். கிராஃப் ஒரே சீரா இறங்கணும். லேப் ரெக்கார்டுக்கே ஒரு எக்ஸ்பெரிமென்ட் கிடைச்சிடும்.

டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே தப்பா காட்டினா சென்டரைத் தொடவே வேண்டாம். பல பழைய டேஷ்போர்டுகளில் ரெண்டுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதோட எர்த் கழண்டா 24 வோல்ட் வண்டியில் ஓடும்போது வர்ற 28 வோல்ட் அப்படியே கேஜுக்குப் போகும், ரெண்டு முள்ளும் மேலே ஏறி நிக்கும்.

அந்த லாரியில் என்ன ஆச்சு?

தண்ணி நிரப்பி ஸ்டார்ட் பண்ணோம். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, முள்ளு கால்வாசிகூட ஏறலை. ஒயரைக் கழட்டினா முள்ளு விழுந்தது, எர்த்தில் தொட்டா ஏறியது. சென்டரை நேரா அளந்தோம், குறை இல்லை. ஒயரோட செம்பில் ஒரு புரோப், சென்டர் டெர்மினலில் இன்னொரு புரோப் வெச்சா நாற்பத்துச் சொச்சம் ஓம். லக்கைக் கழட்டினா உள்ளே முழுக்கப் பச்சை. வெட்டி, புது லக் போட்டு, டெர்மினலை உப்புத்தாளில் தேய்ச்சு மாட்டினதும் முள்ளு தன் இடத்துக்கு ஏறி நின்னது.

தண்ணி எங்கே போச்சு? கீழ் ஹோஸ் கிளாம்ப் லூஸ், ஓடும்போது சொட்டிட்டே வந்திருக்கு. ஆக ரெண்டு கோளாறு: ஒண்ணு வண்டியைச் சூடாக்கினது, இன்னொண்ணு அதை மறைச்சது. முதலாவதை மட்டும் சரி பண்ணி அனுப்பியிருந்தா அடுத்த தடவையும் முள்ளு கீழேயே கிடந்திருக்கும்.

போகும்போது அண்ணன் கேட்டார்: "இனிமே முள்ளை நம்பலாமா தம்பி?"

"நம்புங்கண்ணா. ஆனா காலைல ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் போனதும் அது ஏறுதான்னு பாருங்க. ஏறாத முள்ளைத்தான் நம்பக் கூடாது."