குழாய்க்கு மேலே நம் வயல்

போன மாதக் கூட்டத்துக்குக் கொங்குப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, எங்க தோட்டத்துக்குள்ள எரிபொருள் குழாய் போகப்போகுதுன்னு வந்து அளக்குறாங்க. என்ன கேக்கணும், எதுல கையெழுத்துப் போடணும்?"

எனக்குச் சுருக்கென்றது. வங்கி வேலையில் இருந்தபோது, அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கையின் வீட்டுக்காரர் போனில் இதையேதான் கேட்டார். "நிலம் உங்க பேர்லதானே இருக்கும் மாப்ளே, போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் பத்திரம் படித்துக் கடன் கொடுத்தவன், அந்த ஒரு தாளைப் படிக்காமல் சொன்னேன். பிறகு அவர்கள் கிணறு வெட்ட நினைத்த இடம் குழாய்ப் பாதைக்குள் மாட்டிக்கொண்டது. பட்டா அவர்கள் பேரில்தான் இருக்கு. கிணறுதான் இல்லை. ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது

இதற்கென்றே 1962-ல் ஒரு மத்தியச் சட்டம் போட்டார்கள். இதன்படி நிலத்தை வாங்குவதில்லை. குழாய் பதிக்கும் 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுக்கிறார்கள். முதலில் அரசிதழில் அறிவிக்கை வரும். அந்த நகல் மக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கலாம். கொடுத்தால் நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இந்த 21 நாளைத்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

குடியிருக்கும் நிலம், வீட்டை ஒட்டிய நிலம், முன்பே நிலையான கட்டடம் இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு அடியில் பதிக்கக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் கூடாது. இது சட்டத்திலேயே இருக்கு. யாரும் போடும் பிச்சை இல்லை.

பதித்த பிறகு நமக்கும் தடை உண்டு. அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது. கிணறு, குளம், அணை கூடாது. மரம் நடக் கூடாது. கடலை, சோளம், காய்கறி போடலாம். தென்னை வைக்க முடியாது. நம்ம மலைக்கே வாங்க. ஏலம் மேலாக வேர் விடும் செடிதான், ஆனால் நிழல் மரம் இல்லாமல் ஏலம் ஏது? இழப்பீடாகப் பயிர்ச் சேதமும், அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் தருவார்கள். போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

குழாயின் பாதுகாப்பு

மண்ணுக்குள் இருக்கும் இரும்புக்கு முதல் எதிரி துரு. வெளியே பிளாஸ்டிக் பூச்சு போட்டு, சிறு மின்னோட்டமும் கொடுத்து வைப்பார்கள். வழியில் சோதனைக் கம்பங்கள் நட்டு அந்த மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். உள்ளே வரும் துருவுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். 2014 ஜூன் 27 விடியற்காலையில் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள்; வீடுகளும் தென்னைகளும் கருகின. ஈரம் நீக்காத வாயு போனதால் குழாய் உள்ளுக்குள் அரித்துப்போனது என்று விசாரணையில் தெரிந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எரிவாயுக் குழாயின் கனத்தை வீடுகளை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். 1.6 கிலோமீட்டர் நீளத்தில், இருபுறமும் 200 மீட்டருக்குள் 10 வீடு வரை இருந்தால் இரும்பின் தாங்குசக்தியில் 72 சதவீதம் வரை பயன்படுத்தலாம். 46 வீட்டுக்கு மேல் என்றால் 50 சதவீதம்தான். ஆக, ஊருக்குள் கனத்த குழாய், காட்டுக்குள் மெல்லிசு. தோட்டத்து வீடுகளைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்பது நம் உரிமை. பிற்பாடு வீடு பெருகினாலும் மறுபடி எண்ண வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. அறிவிக்கை நகலில் உங்கள் புல எண், பரப்பு சரியா பாருங்கள். கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.
2. கிணறு, மரம், வீடு, சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றையும் தோண்டும் முன்பே போட்டோ எடுங்கள்.
3. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, கடைசியில் மேலே போடச் சொல்லுங்கள். பத்து வருடம் சாணியும் தழையும் போட்டு வளர்த்த மண் அடியில் போனால் திரும்ப வராது.
4. குழாயை மூடும் முன் ஆழத்தை நீங்களே டேப் பிடித்து அளங்கள்.
5. அடையாளக் கல்லைப் பிடுங்காதீர்கள். ஜேசிபி, போர் வண்டி வரும் முன் அதிலுள்ள எண்ணுக்குப் பேசுங்கள். குழாயை உடைப்பதில் தோண்டும் எந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு; அதற்குத் தண்டனையும் கடுமை.

சாலையோரம் கேட்டோம்

கெயில் குழாயை விளைநிலத்தில் விடாமல் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி மேற்கே ஏழு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். 2013-ல் தமிழக அரசும் அதையே சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளியது. கோரிக்கை நியாயம்தான், இன்றும் கேட்போம். அதுவரை 21 நாளை விடக் கூடாது.

அறிவிக்கை வந்தவர்கள் நகலோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். கையெழுத்துக்கு முன்னால் சேர்ந்து படிப்போம். இந்தத் தடவை நான் ஒவ்வொரு வரியும் படிக்கிறேன்.